அப்பருக்கு என்ன வருத்தம் இருந்தது?

(ஒஸ்லோவில் மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் கதைக்கப் போவது எங்கட ஆம்பிளையள் வாய் திறந்து சொல்லாத விஷயம். இரவிலை நாலைந்து தரம் எழும்பிச் சலம் கழிக்கப் போறது. கேட்டால், "ஒஸ்லோக் குளிர்" என்பார்கள். குளிரிலை மட்டும் பழியைப் போடாதேங்கோ.

சலப்பைக்குக் கீழே, சலக்குழாயைச் சுற்றி இருப்பது புரஸ்ரேற் சுரப்பி. நாற்பது வயதுக்குப் பிறகு அதன் உட்பகுதி மெல்ல வளர்ந்து குழாயை நெரிக்கும். 60 வயதளவில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த வளர்ச்சி இருக்கும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதுமில்லை.

ஒரே வயதுக்காரர் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் கூடுதலாக வளருது? பரம்பரையும் ஒரு காரணம். 64 வயதுக்குள் சுரப்பி பெருத்துச் சத்திரசிகிச்சை செய்தவர்களின் தகப்பன், சகோதரர்களை அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள் ஆராய்ந்து 1994இல் எழுதினார்கள். அவர்களுக்கும் அதே சத்திரசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. 2018இல் ஐஸ்லாந்து, பிரித்தானிய மக்களின் மரபணுக்களைப் பார்த்தவர்கள், இந்த வளர்ச்சியோடு தொடர்புள்ள 23 மரபணு மாற்றங்களைக் கண்டார்கள்.

புரஸ்ரேற் புற்றுநோய் வேறு வருத்தம். அதுவும் குடும்பவழி வரக்கூடியது. நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளின் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட இரட்டையர்களை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த முடிவின்படி, அந்நோய் வரும் வாய்ப்பு ஆளுக்காள் வேறுபடுவதில் 57 வீதம் பரம்பரையால். தாய்வழியையும் மறக்கக் கூடாது. தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் மார்புப் புற்றுநோய் வந்திருந்தால், அதே மரபணு மகனுக்கும் வந்திருக்கலாம்.

இங்கேதான் எங்கட சிக்கல். வைத்தியர் "அப்பாவுக்கு என்ன வருத்தம் இருந்தது?" என்று கேட்டால் எத்தனை பேரிடம் மறுமொழி இருக்கு? அப்பர் ஊரிலை செத்தார், நாங்கள் இஞ்சை. சண்டைக்குள்ளே ஆர் வருத்தத்தை எழுதி வைச்சது? ஒரு பெரியப்பா கனடாவிலை, ஒரு சித்தப்பா யாழ்ப்பாணத்திலை. புத்தாண்டு வாழ்த்துச் சொல்லுற அதே ரெலிபோனிலை இதையும் கேளுங்கோ: ஆருக்கு, எத்தனை வயதிலை, என்ன வருத்தம்? எழுதி வைத்துக் குடும்ப வைத்தியரிடம் குடுங்கோ. பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி.

இன்னொன்று. மொழிபெயர்க்க மகளைக் கூட்டிக்கொண்டு போய், அவவுக்கு முன்னாலை வெட்கத்தில் "கால் நோ" என்று சொல்லிப்போட்டு வாறதை விடுங்கோ. 2022 முதல் நடைமுறையிலுள்ள நோர்வேச் சட்டம் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாதென்று சொல்லுது. மொழிபெயர்ப்பாளரை வைத்தியரே ஒழுங்கு செய்வார், உங்களுக்குச் செலவில்லை. கேட்டதை வெளியிலை சொல்லவும் அவருக்கு உரிமையில்லை.

சலத்தில் இரத்தம் கண்டால் சுணங்காமல் வைத்தியரிடம் போங்கோ. சலம் முற்றாக அடைத்தால் உடனே 116117க்கு அடியுங்கோ.

தாய்மார்களே, அவர் கேட்கமாட்டார்; நீங்களாவது கேளுங்கோ.