கைத்தொழிலும் எங்கள் கல்வியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மண்டபச் சுவரிலுள்ள சிறப்புப் பலகைகளில் வைத்தியர்களும் ஆசிரியைகளும் இருக்கிறார்கள். சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட எங்கள் தோழிகள் அங்கே இல்லை. அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகள் தொழில் பழகிய முதல் இடம் வீட்டுத் திண்ணை. சார்வோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, பெட்டி இழைக்க ஆச்சிமாரிடம் பழகினோம். இழை பிசகினால் ஆச்சி ஏசமாட்டா. அவிழ்த்துவிட்டு ஓலையைத் திரும்பக் கையில் தருவா. கடகம் பொத்துவதெல்லாம் அதற்குப் பிறகுதான். சான்றிதழ் ஏது?

பாடசாலைகளும் கைவேலையை ஒதுக்கிவிடவில்லை. 1824இல் உடுவிலில் ஹரியட் வின்சிலோ அம்மையார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் எழுத்தோடு தையலும் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் இல்லறத்துக்கான பயிற்சி, பிழைப்புக்கானதல்ல.

1972இல் தொழில் முன்னிலைப் பாடங்கள் வந்தன. ஊரிலுள்ள தொழிலொன்றைப் பாடசாலையிலேயே கற்று, பரீட்சையும் எழுதலாம். முதற் பரீட்சை 1975இல் நடந்தது. நல்ல யோசனைதான். ஆனால் அது தரப்படுத்தல் காலம். பெற்றோருக்குப் பல்கலைக்கழகப் புள்ளிகளே கவலை. "பெட்டி இழைக்கவோ பள்ளிக்கூடம் அனுப்பினனாங்கள்?" என்ற முணுமுணுப்பு வீடுகளில் எழுந்தது. 1977 ஆட்சி மாற்றத்தோடு அந்தத் திட்டமும் போயிற்று.

பின்பு 1995 ஒக்டோபர் 30. வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தது. பிறர் வீட்டு விறாந்தைகளில் நாங்கள் ஒதுங்கியிருந்தபோது, தையல் மெசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த தோழிகள் சட்டை தைத்துக் கொடுத்து உலை வைத்தார்கள். பட்டம் பெற்றிருந்த எங்களிற் சிலரும் அந்தச் சோற்றை உண்டோம்.

இன்று தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் இருக்கிறது. வேலைத்தலமொன்றில் பயிலுநராகச் சேர்ந்தும் பெறலாம். தொழில் தெரிந்தவர் அதைச் செய்துகாட்டியும் பெறலாம். ஆச்சிக்குக் கிடைக்காதது பேத்திக்குக் கிடைக்கும். ஆனால் பழகும் மாதங்களில் பஸ் காசுக்கு என்ன செய்வது? அங்கேதான் பிள்ளைகள் இடையில் நின்றுவிடுகிறார்கள்.

நூற்றாண்டு நிதியில் பெரும்பங்கு கட்டடத்துக்கென்று பேசப்படுகிறது. அதில் ஒரு பகுதியை, உயர்தரம் செல்லாத எங்கள் மாணவிகளின் பயிலுநர் காலச் செலவுக்கு ஒதுக்குங்கள். ஆண்டுக்கு மூன்று பிள்ளைகளோடு தொடங்கலாம். கொழும்பு, லண்டன், ரொறன்ரோ கிளைச் சகோதரிகள் இம்மலரை வாசித்ததும் தங்கள் முடிவைச் செயலாளருக்கு எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.