ஐரோப்பாவில் தனியாக ஒரு நீண்ட பயணம்: புறப்படுமுன் வீட்டில் பேச வேண்டியவை

(எங்கள் டிரஸ்ட்டின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவச் செலவு, குமர் காரியம் பற்றிப் பேசுவோம். இன்று ஐரோப்பாப் பயணம் என்று நோட்டீஸில் பார்த்ததும், "டிரஸ்ட்டுக்கு எதற்கு இந்த வேலை?" என்று சிலர் கேட்டீர்கள். கேள்வி நியாயமானது. பதிலை ஒரு சம்பவத்தோடு சொல்கிறோம்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி ஐந்து வருடம் வேலை பார்த்து நான்கு லட்சம் ரூபாய் சேர்த்திருந்தார். கல்யாணத்துக்கு முன் ஐரோப்பாவை ஒருமுறை சுற்றிப் பார்க்க ஆசை. எண்பது நாள் திட்டம் போட்டார். ஒரு ஏஜென்ட், "கணக்கில் இருப்பு போதாது, நான் மூன்று லட்சம் போட்டு வைக்கிறேன், விசா வந்ததும் எடுத்துக்கொள்கிறேன். ஹோட்டல் புக்கிங்கையும் நானே தயார் செய்து தருகிறேன்" என்றார். தம்பியும் தலையாட்டிவிட்டார். விசா மறுக்கப்பட்டது. கட்டிய பணம் போனது. அதைவிட, அவருடைய அத்தா எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து, "என் பிள்ளை சேர்த்தது ஹலாலான காசு. அதோடு அடுத்தவன் காசைச் சேர்த்துக் காட்டி, அவனே தன்னைப் பொய்யனாக்கிக்கொண்டானே" என்று சொன்னது எங்களுக்கு மறக்கவில்லை.

அந்தத் தம்பியின் கதை அதோடு முடியவில்லை. முடிவைப் பிறகு சொல்கிறோம். அவருக்காக நாங்கள் படித்ததும், அவர் போய் வந்து சொன்னதும்தான் இன்றைய பேச்சு.

முதலில் விசா. ஷெங்கன் என்பது 29 நாடுகள் சேர்ந்த ஒரே விசாப் பகுதி. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் எல்லாம் அதில் உண்டு. ஐரோப்பிய யூனியனில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும்கூட உண்டு. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்தன. பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் இல்லை. அவற்றுக்குத் தனி விசா வேண்டும்.

சுற்றுலா விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். "90 நாள் முடிந்ததும் ஒரு நாள் வெளியே போய்விட்டுத் திரும்ப வந்தால் புதுக் கணக்கு" என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. ஒருவர் மே 1 அன்று நுழைந்து தொடர்ந்து தங்கினால் ஜூலை 29 அன்று 90 நாள் முடிகிறது. அதன்பின் விசா இருந்தாலும் அக்டோபர் 28-க்கு முன் மறுபடி நுழைய முடியாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாக முகப்படம், கைரேகையோடு கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் கணினி காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. 90 நாள் என்பது உச்ச வரம்பு. உங்களுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்பது விசா ஸ்டிக்கரில் தனியாக எழுதியிருக்கும். தேதிகளுக்கு இடையே 45 நாள் இருந்தாலும், தங்கும் நாள் 30 என்று போட்டிருந்தால் 30 நாள்தான். விசா கைக்கு வந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. "அந்தத் தூதரகத்தில் சுலபமாகக் கிடைக்கும்" என்று ஒரு நாட்டில் வாங்கிக்கொண்டு வேறு நாட்டிலேயே சுற்றினால் எல்லையில் கேள்வி வரும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். கோடைக்காலத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம் என்பதால் மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மறுத்தால் திரும்பக் கிடைக்காது. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

பணக் கணக்கில்தான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி கடைசி மாத இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. சம்பளம் மாதாமாதம் வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறதா, திடீரென்று ஒரு தொகை விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். திடீர்த் தொகைக்கு உண்மையான காரணம் இருந்தால், உதாரணமாக நிலம் விற்றது அல்லது அத்தா கொடுத்தது என்றால், அதற்கான தாளோடு ஒரு பக்கம் விளக்கம் வையுங்கள். காரணம் இல்லாத தொகையை வைக்காதீர்கள். நாளுக்கு எவ்வளவு காட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக வைத்திருக்கிறது. பிரான்ஸ் தங்குமிட புக்கிங் இருந்தால் நாளுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ கேட்கிறது. நாள்களைக் குறைத்தால் காட்ட வேண்டிய பணமும் குறையும். இந்தச் சாதாரணக் கணக்கை அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தப் பயணத்துக்காக வட்டிக்கோ கிரெடிட் கார்டிலோ கடன் வாங்கிப் போகாதீர்கள். ஐரோப்பா எங்கும் ஓடிப்போகாது. இரண்டு வருடம் பொறுத்துப் போகலாம்.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் தருவார்கள். மேல்முறையீடு செய்யலாம், புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தப் பதிவு 29 நாடுகளும் பார்க்கும் கணினியில் ஐந்து வருடம் இருக்கும். பிரிட்டன் விசா படிவமும் முந்தைய மறுப்புகளைக் கேட்கிறது. எனவே மறைக்காதீர்கள்.

அடுத்தது பயணத் திட்டம். முதல்முறை போகிறவர் முப்பது நாளில் பன்னிரண்டு நாடு என்று பட்டியல் போடுகிறார். பாதி நாள் ஸ்டேஷனில் கழியும். ஓர் ஊரில் நான்கைந்து நாள் தங்கினால் செலவும் குறையும், உடம்பும் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஸ்பெயின் போன்ற தெற்குப் பகுதி, ஜூனில் ஜெர்மனி போன்ற வடக்குப் பகுதி என்று வைத்தால் வெயிலும் குளிரும் வாட்டாது.

யூரெயில் பாஸ் 33 நாட்டு ரயில்களில் செல்லும். 27 வயது வரை தள்ளுபடி உண்டு. ஆனால் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். நான்கைந்து ரயில் மட்டும் ஏறுபவருக்கு, முன்கூட்டியே தனி டிக்கெட் எடுப்பது பெரும்பாலும் மலிவு. இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். லக்ஸம்பர்க்கில் 2020 மார்ச் முதல் பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம்.

கிரனாடாவில் அல்ஹம்ராவைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஊரிலிருந்தே டிக்கெட் எடுங்கள். உள் அரண்மனைக்கு நேரம் குறித்துத்தான் விடுவார்கள். பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும். குர்துபாவின் பழைய பெரிய பள்ளிவாசல் இன்று கதீட்ரல். பார்க்கலாம், உள்ளே தொழ அனுமதி இல்லை. அங்கே வாக்குவாதம் வேண்டாம். கிரனாடாவில் 2003-இல் திறந்த பள்ளிவாசல் இருக்கிறது.

ஷெங்கன் நாள்கள் முடிந்தும் பயணத்தை நீட்ட விரும்பினால் போஸ்னியா ஒரு நல்ல வழி. பலமுறை நுழையும் ஷெங்கன் விசா செல்லுபடியில் இருந்தால் அங்கே தனி விசா இல்லாமல் 30 நாள் வரை அனுமதிக்கிறார்கள். புறப்படும் முன் அவர்களுடைய தூதரகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். சரயேவோவில் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய காஸி ஹுஸ்ரவ் பேக் பள்ளிவாசலில் ஐந்து நேரமும் ஜமாஅத் நடக்கிறது.

பெட்டியில் என்ன வைப்பது? தாய்மார்களே, இது உங்களுக்கு. இறைச்சி, பால் சம்பந்தப்பட்ட எதையும் ஐரோப்பிய யூனியனுக்குள் பயணிகள் கொண்டுபோக முடியாது. உப்புக்கண்டம், இறைச்சி ஊறுகாய், நெய், பால்கோவா எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போகும். கருவேப்பிலை போன்ற பச்சை இலைகளும் கூடாது. பேரீச்சம்பழத்துக்குத் தடை இல்லை. மசாலாப் பொடி, அரிசி இரண்டு கிலோ கொடுத்தனுப்புங்கள். மாத்திரைகளை அட்டையைப் பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு வையுங்கள்.

அங்கே ஹாஸ்டல் என்றால் மாணவர் விடுதி அல்ல, பயணிகள் கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துத் தங்கும் இடம். பலவற்றில் சமையலறை உண்டு. அங்கேயே ஒருவேளை சோறு வடித்துக்கொண்டால் செலவு பாதியாகும். பெரிய நகரங்களில் துருக்கி, மொராக்கோ மக்கள் நடத்தும் ஹலால் கடைகள் உண்டு. மற்ற இடங்களில் பன்றி இறைச்சிக்கான சொல்லைத் தெரிந்து வையுங்கள்: ஜெர்மனில் ஷ்வைன், பிரெஞ்சில் போர், இத்தாலியனில் மயாலே, ஸ்பானிஷில் செர்தோ. குழம்பில் ஒயின் சேர்ப்பதும் சகஜம். கேட்டுச் சாப்பிடுங்கள்.

ஜூன் மாதம் பாரிஸில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும். இஷா அதற்கும் பிறகு. கஸ்ர், ஜம்உ சட்டங்களை நம் ஆலிம்களிடம் முன்பே கேட்டுத் தெளிவாகப் போங்கள். சகோதரிகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்ஸ், பெல்ஜியம், ஆஸ்திரியா, டென்மார்க், 2025 முதல் சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் பொது இடத்தில் முகத்தை மூடினால் அபராதம். தலை முக்காட்டோடு தெருவில் நடக்கத் தடை இல்லை.

பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு ஃபாரெக்ஸ் கார்டு, வேறொரு வங்கியின் கார்டு, கொஞ்சம் ரொக்கம் என்று பிரித்து வையுங்கள். ஏடிஎம், "ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா?" என்று கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலையில் மாற்றுவார்கள். நம் ஊர் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள், வங்கி ஓடிபி அதில்தான் வரும். ஒரு ஐரோப்பிய யூனியன் நாட்டில் வாங்கிய சிம் மற்ற யூனியன் நாடுகளிலும் வேலை செய்யும். சுவிட்சர்லாந்துக்கும் போஸ்னியாவுக்கும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாரிஸ், ரோம், பார்சிலோனா மெட்ரோக்களில் ஜேப்படி அதிகம். கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டுபவர், சட்டையில் கறை என்று துடைக்க வருபவர், இவர்களைக் கண்டால் நிற்காமல் நடங்கள். எந்த ஆபத்துக்கும் 112. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், அடுத்து இந்தியத் தூதரகம். ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். பாஸ்போர்ட், விசா, காப்பீட்டு நகல் ஒரு செட் வீட்டிலும் இருக்கட்டும்.

பெற்றோர்களே, பிள்ளை எந்த ஊரில் எந்த நாளில் எங்கே தங்குகிறார் என்ற பட்டியலை வாங்கி வையுங்கள். தினமும் நான்கு தடவை அழைக்காதீர்கள். கோடையில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். ஒரு நேரம் பேசி முடிவு செய்து, அந்த நேரத்தில் தவறாமல் பேசுங்கள். குறித்த நேரம் தாண்டி ஒரு நாள் ஆனால் யாரைத் தொடர்புகொள்வது என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். பிள்ளைகளே, புறப்படுமுன் யாருக்காவது கடன், அமானிதம் இருந்தால் தீர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்போது அந்தத் தம்பி. இரண்டாம் முறை தன்னுடைய சேமிப்பை மட்டும் காட்டினார். எண்பது நாளை முப்பத்தெட்டாகக் குறைத்தார். ஸ்பெயினில் அதிக நாள் என்பதால் ஸ்பெயினிடமே விண்ணப்பித்தார். முதல் தடவை நடந்ததை, ஏஜென்ட் போட்ட பணம் உட்பட, ஒரு பக்கக் கடிதத்தில் ஒப்புக்கொண்டு எழுதினார். அந்தக் கடிதத்தை எழுதுவதற்குள் மூன்று நாள் எங்களோடு சண்டை. "இதை எழுதினால் கட்டாயம் கொடுக்கமாட்டான்" என்றார். அவருடைய அத்தாதான், "கொடுக்காவிட்டால் போகட்டும், உண்மையை எழுது" என்றார். எழுதினால் கிடைக்கும் என்று நாங்களும் வாக்குக் கொடுக்கவில்லை. விசா வந்தது. முப்பத்தேழாவது நாள் ஊர் திரும்பினார். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் புறப்பட நினைத்தால், ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன் ஒருமுறை டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். படிவம் நிரப்பவும் கணக்குப் பார்க்கவும் உதவுகிறோம், கட்டணம் எதுவும் இல்லை. இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்ட மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள்.

நம் பிள்ளைகள் நலமாகப் போய், நலமாக வீடு திரும்ப அல்லாஹ் அருள் புரிவானாக. வஸ்ஸலாம்.