பிள்ளைகளின் இணைய வியாபாரமும் பெற்றோரின் சேமிப்பும்

(தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் கலந்துகொண்ட நம் சங்கக் கிளைக் கூட்டத்தில் பேசியது.)

 

இன்டர்நெட்டில் தொழில் தொடங்குவது, அதற்குப் பணம் திரட்டுவது என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் வியாபாரி அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, மத்திய சர்க்காரில் கணக்குத் தணிக்கையில் 36 வருஷம் இருந்தவன். ரிடையர் ஆன பிறகு, தெரிந்த குடும்பங்களில் பிள்ளைகள் ஏதாவது தொழில் ஆரம்பித்தால், "மாமா, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கோ" என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். இந்த ஹாலில் பாதிப் பேர் பணம் கேட்கப் போகிறவர்கள், மீதிப் பேர் கொடுக்கப் போகிறவர்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி. அடுத்த இரண்டு வருஷத்துக்குள், 1997-ல், டெல்லியில் சஞ்சீவ் பிக்சந்தானி என்பவர் நௌக்ரி டாட் காம் ஆரம்பித்தார். அகமதாபாத் ஐ.ஐ.எம்.-ல் படித்தவர், பெரிய கம்பெனி வேலையை விட்டவர். ஆபீஸில் எல்லோரும் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டி, வேலை விளம்பரங்களைப் பார்ப்பதைக் கவனித்திருந்தார். அதுதான் யோசனைக்கு வித்து. தகப்பனார் வீட்டில், வேலைக்காரர் தங்கும் மாடி அறைதான் ஆபீஸ். அதற்கு அப்பாவுக்கு மாதம் 800 ரூபாய் வாடகை கொடுத்தார். வீட்டுச் செலவுக்கு மனைவியின் சம்பளம். அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த அண்ணா அங்கே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். அதற்காக அவருக்குக் கம்பெனியில் பங்கு கொடுத்தார்கள். சம்பளம் வாங்காமல் வேலை செய்த கூட்டாளிகளுக்கும் பங்கு. முதல் வருஷ வரவு சுமார் 2.35 லட்சம். வெளியாரின் முதலீடு, ஐ.சி.ஐ.சி.ஐ. மூலம் ஏழு கோடிக்குச் சற்று மேல், 2000-ல்தான் வந்தது. அதற்குள் மூன்று வருஷமாக வாடிக்கையாளர்கள் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2006-ல் பங்குச் சந்தைக்குப் போனார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த 800 ரூபாய் வாடகை. அப்பா, பிள்ளை, அண்ணா, தம்பி என்ற உறவெல்லாம் அப்படியே இருந்தது. கணக்கு மட்டும் தனியாக எழுதப்பட்டது. ஸ்ரீதர் வேம்பு 1996-ல் ஆரம்பித்த கம்பெனி, இன்றைய ஜோஹோ, முதலீட்டாளர் பணமே வாங்காமல் வளர்ந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பணம் திரட்டினால்தான் தொழில் என்று பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை.

அடுத்து கணக்கு. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண், புனேயில் இருக்கிறாள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வடாம் எல்லாம் செய்து இணையத்தில் விற்கிறாள். ஆர்டர் குவிகிறது, இன்னும் 5 லட்சம் போட்டால் மேலே வந்துவிடலாம் என்று அப்பாவிடம் கேட்டிருந்தாள். நான் ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு கணக்குப் போடச் சொன்னேன். தொகைகளை முழுமையாக்கிச் சொல்கிறேன். விற்ற விலை 400 ரூபாய். சாமான், கூலி 180. பேக்கிங் 25. கூரியர் 90. பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தின் கமிஷன் 8. அந்த ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க விளம்பரத்துக்கு ஆன செலவு 120. கூட்டினால் 423. ஒவ்வொரு ஆர்டருக்கும் 23 ரூபாய் நஷ்டம்! ஆர்டர் குவியக் குவிய நஷ்டமும் குவியும். 5 லட்சம் போட்டால் அது இன்னும் சீக்கிரம் கரையும்.

ஆனால் அதே ஆள், விளம்பரம் இல்லாமல், தானாக இரண்டாவது தடவை வாங்கினால்? செலவு 303, கையில் 97 நிற்கும். ஆகவே எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைவிட, எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அவள் விளம்பரத்தை மூன்று மாதம் நிறுத்திவிட்டு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்பினாள். விற்பனை குறைந்தது, பணம் மிஞ்சியது. பொடிக்கு மறுபடி வந்தார்கள், வடாத்துக்கு வரவில்லை. (வடாம் வழியில் நொறுங்கிவிடுகிறது. அது வேறு ஆராய்ச்சி.) அப்பாவிடம் கேட்ட 5 லட்சம் பிறகு தேவைப்படவில்லை. பிள்ளைகளே, பணம் கேட்க வரும்போது இந்த ஒரு ஆர்டர் கணக்கையும், மாதச் செலவு எவ்வளவு, இருக்கிற பணம் எத்தனை மாதம் வரும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

பெற்றோர்களே, இனி உங்கள் பக்கம். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர். பிராவிடண்ட் ஃபண்டையும் கிராஜுவிட்டியையும் போட்டு ஃபிளாட் வாங்கியிருந்தார், தம்பதி இருவர் பெயரிலும். பிள்ளை ஆன்லைன் மளிகை ஆரம்பித்தான். நல்ல பையன், ராப்பகலாக உழைத்தான். ஒரு தனியார் நிதி நிறுவனம் ஃபிளாட்டின் பேரில் கடன் கொடுத்தது. இரண்டு வருஷத்தில் தொழில் நின்றது, தவணையும் நின்றது, ஃபிளாட் ஏலத்துக்குப் போனது. பிள்ளைக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. முப்பது வயதுக்காரன், எழுந்துவிட்டான். இவர் எழுபத்தோரு வயதில் வாடகை வீடு தேடினார். அந்த மாமி என்னிடம் கேட்டது இதுதான்: "கையெழுத்துப் போடச் சொன்னா, போட்டேன். வீடு போகும்னு யாருமே சொல்லலையே?"

ஆகவே நான் சொல்கிறேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனியில், தொழில் நொடித்தால் போட்ட முதலோடு நஷ்டம் நிற்கும். அதற்குத்தான் அந்த 'லிமிடெட்'. நீங்கள் தனி ஜாமீன் கையெழுத்துப் போட்ட நிமிஷத்தில், உங்களைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவின்படி, வேறு விதமாக எழுதப்பட்டிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை. வீட்டை ஈடு வைத்திருந்தால், 2002-ம் வருஷத்து சர்ஃபேசி சட்டப்படி, 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டுக்குப் போய் வழக்கு நடத்தாமலே நடவடிக்கை எடுக்கலாம்.

பிள்ளையின் கம்பெனிக்கு நீங்கள் நேராகக் கடன் கொடுக்கலாமா? டைரக்டரின் நெருங்கிய உறவினர் பிரைவேட் கம்பெனிக்குக் கடன் தருவதை விதி அனுமதிக்கிறது. ஆனால் இந்தப் பணம் நான் வேறு இடத்தில் கடன் வாங்கிக் கொடுப்பதல்ல என்று எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். வீட்டை அடகு வைத்து வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த உறுதியில் கையெழுத்துப் போட முடியாது. விதி எழுதினவருக்கு நம்மைப் போன்ற அப்பாக்களைத் தெரிந்திருக்கிறது! கடன் 20,000 ரூபாயைத் தொட்டால் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, பாங்க் மூலமாகத்தான்.

எவ்வளவு கொடுக்கலாம்? வீடு, வைத்தியச் செலவுக்கான பணம், சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போட்டது, இவற்றைத் தொடாதீர்கள். மிச்சத்தில், திரும்பி வராவிட்டாலும் உங்கள் மாதச் செலவு மாறாத ஒரு தொகையை ஒரே தடவையாகக் கொடுங்கள். அது கடனா, பங்கா, அன்பளிப்பா என்று ஒரு கடிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற குழந்தைகளுக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். "அண்ணாவுக்கு மட்டும் கொடுத்தாளே" என்று பத்து வருஷம் கழித்துப் பெண் கேட்கும்போது பதில் சொல்ல நாம் இருக்கமாட்டோம்.

வீட்டை வைக்காமல் பாங்கில் கடன் கிடைக்குமா என்றால், கிடைக்கும். முத்ரா திட்டம் 2015-ல் வந்தது. ஈடு இல்லாமல் 10 லட்சம் வரை. அதை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 2024-ல் 20 லட்சமாக உயர்த்தினார்கள். 2000-ம் வருஷத்திலிருந்து சிறுதொழில் கடனுக்கு உத்தரவாதம் தரும் டிரஸ்ட் ஒன்றும் இருக்கிறது. சர்க்காரும் சிட்பி பாங்கும் சேர்ந்து நடத்துவது, சுருக்கமாக சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்பார்கள். அதன் கீழ் வரும் கடனுக்கு ஈடும் வெளியார் ஜாமீனும் கேட்கக் கூடாது. பாங்க் மானேஜர் "அப்பாவை அழைத்து வா" என்று சொன்னால், "இந்தக் கடனை அந்தத் திட்டத்தில் சேர்க்க முடியாதா சார்?" என்று மரியாதையாக, ஆனால் எழுத்தில், கேளுங்கள். அந்த உத்தரவாதம் பாங்குக்குத்தான். பையன் கடனைக் கட்டத்தான் வேண்டும்.

முதலீட்டாளர்களைப் பற்றிச் சுருக்கமாக. அவர்களுக்கு வட்டி வேண்டாம், தவணை வேண்டாம், பங்கு வேண்டும். சில வருஷத்தில் பல மடங்காக்கி விற்றுவிட்டு வெளியேற வேண்டும். பொடி வியாபாரம் அப்படி வளராது, வளர வேண்டிய அவசியமும் இல்லை. சாஃப்ட்வேர் போன்ற தொழிலாக இருந்து அவர்கள் வந்தால், கம்பெனியை விற்கும்போது யாருக்கு முதலில் பணம் என்ற ஷரத்தை வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். நண்பர்கள் கூட்டாகத் தொடங்கினால், பாதியில் விலகுகிறவர் பங்கு என்ன ஆகும் என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். ஏஞ்சல் டாக்ஸ் என்று ஒன்று பயமுறுத்திக்கொண்டிருந்தது. 2024 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள்.

சில்லறை விஷயங்கள் சில. உத்யம் பதிவு இலவசம். சர்க்கார் தளம் மாதிரியே தளம் வைத்துப் பணம் பிடுங்குகிறவர்கள் உண்டு. சேவைத் தொழிலுக்கு, பெரும்பாலான மாநிலங்களில், வருஷ வரவு 20 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். ஆனால் வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் முதல் பொட்டலத்திலிருந்தே பதிவு தேவை. தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் உண்டு. தொழிலுக்குத் தனி பாங்க் கணக்கு. இணைய முகவரியை உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதிவு செய்யுங்கள். தளம் அமைத்துக் கொடுத்தவர் பெயரில் அது இருந்து, அவரோடு மனஸ்தாபம் வந்து, கடையின் பெயரையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜாமீன் காகிதமோ கடன் பத்திரமோ ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள். மாமிகளும் கூட வரவேண்டும். உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பார்க்கலாம்.