பழைய பெயரும் புதிய பெயரும்

நெடுந்தீவுக்குப் பெயர்கள் இரண்டு. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. ஏனைய மூன்றும் பழைய நிலப்படங்களோடு நின்றன. டெல்வ்ற் மட்டும் ஆங்கில ஆவணங்களில் இன்றும் வழங்குகின்றது. எப்பெயரை எழுதினும் கடிதம் குறிகட்டுவானிற் படகேறி உரிய தீவையே அடையும்.

கணினி மென்பொருளை ஆக்குவோர்க்கும் இத்தகைய பொறுப்பொன்று உண்டு. ஒரு கணினிக்குள் பல கணினிகள் இயங்குமாறு செய்வது மெய்நிகராக்க மென்பொருள். 2003 இல் பிரெஞ்சு அறிஞர் பப்ரிஸ் பெலார்ட் தொடங்கிய கியூஎமு அவ்வகையினது. நினைவகம் எவ்வளவு, செயலிகள் எத்தனை என்பனவற்றை அதற்கு ஆணைச் சொற்களால் அறிவிப்பர். அவை அளபுருக்கள் எனப்படும். ஆண்டுகள் செல்ல, வெவ்வேறு காலத்திற் சேர்ந்த அளபுருக்களை ஒழுங்குபடுத்திப் புதுப் பெயரிட நேர்கின்றது. ஆனால் பழைய பெயர்களோ எங்கெங்கோ எழுதிவைத்த ஆணைகளில் உறைந்துள்ளன. எழுதியவர் பணிமாறிச் சென்றிருக்கலாம். புதிய பதிப்பு பழைய சொல்லை மறுத்தால், அதனுள் இயங்கிய மருத்துவமனைப் பதிவேடோ அலுவலகக் கணக்கோ காலையில் திறவாது. நகரத்தில் ஒரு மணி நேரத்திற் சீராகும் பழுது, படகை நம்பியிருக்கும் தீவில் ஒரு நாளையே விழுங்கிவிடும்.

ஆதலின் மாற்றம் படிமுறையாக நிகழவேண்டும். முதலில் இரு பெயர்களும் ஏற்கப்படும். பழையது உள்ளே புதியதாக மாற்றப்படும். இரண்டும் முரணாக வந்தால், மென்பொருள் ஒன்றைத் தானே தெரிந்துகொள்ளாது பிழையைத் தெளிவாகக் கூறவேண்டும். அடுத்துப் பழையதை எழுதுவோர்க்கு எச்சரிக்கை காட்டப்படும். அதன்பின்னரே நீக்கம். அறிவித்த வெளியீடு உட்பட இரு வெளியீடுகளிலேனும் பழையது நிலைத்திருக்கவேண்டும் என்பது கியூஎமுவின் விதி. மின்வலு முகாமைக்குரிய ஏசிபிஐ வசதியை நிறுத்தும் ‘நோ-ஏசிபிஐ’ என்னும் சொல் கைவிடப்படும் என 2023 இல் 8.0 ஆம் பதிப்பு அறிவித்தது; 2024 இல் 9.0 ஆம் பதிப்பு அதனை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் ஆணைகளைத் திருத்த வழியிருந்தது.

பெயர் மாறுவதினும் கொடியது, பெயர் நிற்கப் பொருள் மாறுவது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகள் இதற்குச் சான்று. வரகு நிலத்துப் பரப்பு பத்துப் பேர்ச். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நெல் வயலுக்குரிய பரப்பின் அளவோ வேறு. இதனாலேயே பரப்புக்கு அருகில் வரகென்றோ நெல்லென்றோ உறுதி எழுதுவோர் குறித்தனர். அக்குறிப்பு இல்லையேல் எல்லை வழக்கே மிஞ்சும்.

கியூஎமுவில் நினைவகத்துக்கு 512 என்று மட்டும் எழுதினால் அது மெகாபைற்று எனக் கொள்ளப்படும். நாளை எவரேனும் அதனை கிகாபைற்று என்று மாற்றினால், பழைய ஆணை ஓர் எழுத்தும் பிழையின்றியே பொய்யாகிவிடும். புதிய பொருள் வேண்டுமாயின் புதிய பெயரே தகும். பழைய சொல்லை நீக்கும் நாளும் முன்கூட்டி அறிவிக்கப்படின், கடலுக்கப்பால் இருப்போரும் தம் ஆணைகளைத் திருத்திக்கொள்ள அவகாசம் பெறுவர்.