சூரை மீன் பிடிப்புக்கு வரம்பு

(உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பயிர், உரம், பூச்சிமருந்து பற்றிப் பேசும் இடத்தில் கடல் மீனைப் பற்றிப் பேச வேண்டிய காரணம் என்ன என்று தாங்கள் கேட்கலாம். பலருக்கும் பொதுவான ஒரு செல்வத்திலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம்? அதை யார் முடிவு செய்வது? முடிவு செய்தபின் அதை மீறாமல் காப்பது எப்படி? ஏரி நீரையும் நிலத்தடி நீரையும் நம்பிப் பயிர் செய்யும் நமக்கும் இக்கேள்விகள் உண்டு. அட்லாண்டிக் பெருங்கடலில் நீலத்துடுப்புச் சூரை பிடிப்பவர்கள் பெரும் இழப்புக்குப் பின்னரே இவற்றுக்கு விடை கண்டார்கள். அந்த அனுபவத்தை இங்கே கூறுகிறேன்.

மீனின் இயல்பு

சூரை மீன்களில் மிகப் பெரியது இந்த மீன். 1979-ஆம் ஆண்டு கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் 679 கிலோ எடை இருந்தது. இது 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. கிழக்கு அட்லாண்டிக்கில் உள்ளவை 4 அல்லது 5 வயதில் பருவமடைகின்றன. அப்போது எடை சுமார் 25 முதல் 30 கிலோ இருக்கும். மே முதல் ஜூலை வரையுள்ள காலத்தில் இவை கூட்டங்கூட்டமாக மத்தியதரைக் கடலுக்குள் வந்து முட்டையிடுகின்றன. வரும் இடமும் காலமும் தெரிந்திருப்பதால், சுருக்குமடி வலையால் ஒரு கூட்டத்தையே வளைத்துவிட முடிகிறது.

வரம்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நெருக்கி நட்ட பயிர் நன்கு தூர் கட்டாது. மிகக் கலக்கமாக நட்டாலும் மகசூல் குறையும். கடல் மீனும் இப்படித்தான். கடல் நிறைய மீன் இருந்தால் இரைக்குப் போட்டி ஏற்பட்டு வளர்ச்சி குறைகிறது. முட்டையிடும் தாய்மீன்கள் மிகக் குறைந்துவிட்டால் குஞ்சுகள் குறைகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையில்தான் ஆண்டுதோறும் கிடைக்கும் பெருக்கம் மிக அதிகம். அந்தப் பெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தாய்மீன் இருப்பைத் தொடாமல் விடுவதே பிடிப்பு வரம்பின் நோக்கம்.

கடலுக்குள் உள்ள மீனை எண்ணிப் பார்க்க முடியாது. ஆகவே கரைக்கு வந்த மீனின் எடை, நீளம், பிடிக்கச் செலவான நாட்கள் ஆகியவற்றை விஞ்ஞானிகள் குறித்துக்கொள்கிறார்கள். மீனின் காதுக்கல்லில் மரத்தின் ஆண்டு வளையம் போன்ற வளையங்கள் உண்டு. அவற்றை எண்ணி வயதை அறிகிறார்கள். அடையாள வில்லை கட்டி விட்ட மீன்கள் எங்கே திரும்பப் பிடிபடுகின்றன என்றும் பார்க்கிறார்கள். எல்லாக் கணக்குக்கும் அடிப்படை, பிடித்தவர் தரும் விவரமே. அது பொய்யானால் கணக்கும் பொய்யாகிவிடும்.

வரம்பு இருந்தும் பயனில்லாத காலம்

அட்லாண்டிக் சூரை மீன்களைக் காக்கும் பன்னாட்டு ஆணையத்துக்கான உடன்படிக்கை 1966-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் கையெழுத்தாகி, 1969-இல் நடைமுறைக்கு வந்தது. தலைமையகம் ஸ்பெயினின் மாட்ரிட் நகரம்.

1990-களில் ஜப்பான் சந்தையில் இம்மீனுக்கு நல்ல விலை இருந்தது. உயிருடன் பிடித்த மீனைக் கடலிலேயே கூண்டுகளில் அடைத்துக் கொழுக்க வைத்து விற்கும் தொழிலும் பெருகியது. வலையிலிருந்து கூண்டுக்கு நீருக்கடியிலேயே மீன் மாற்றப்பட்டதால், எவ்வளவு பிடித்தார்கள் என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. படகுகளும் தேவைக்கு மேல் பெருகின.

ஆண்டுக்கு 15,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். ஆனால் 2007-ஆம் ஆண்டுக்கு உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்ட வரம்பு 29,500 டன். உண்மையில் பிடிக்கப்பட்டதோ சுமார் 61,000 டன் என்று ஆணையத்தின் விஞ்ஞானிகளே மதிப்பிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு இறங்கினால் நாமும் இன்னும் ஆழமாக இறக்குகிறோம் அல்லவா? நாம் விட்டாலும் மற்றவன் பிடித்துக்கொள்வான் என்ற அதே எண்ணம்தான் அங்கும் இருந்தது.

திருத்தம்

நிலைமை முற்றியதால், இம்மீனின் பன்னாட்டு வாணிபத்தையே தடை செய்ய வேண்டும் என்று மொனாக்கோ நாடு கோரியது. 2010 மார்ச்சில் தோஹா நகரில் நடந்த மாநாட்டில் அக்கோரிக்கை தோற்றது. ஆயினும் சந்தையே போய்விடும் என்ற அச்சம் நாடுகளை அசைத்தது. 2010-க்கு 13,500 டன், 2011-க்கு 12,900 டன் என்று வரம்பு குறைக்கப்பட்டது.

இம்முறை எண்ணோடு காவலும் சேர்ந்தது. சில விலக்குகள் நீங்கலாக, 30 கிலோவுக்குக் குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாது. சுருக்குமடிப் படகுகளுக்கு ஏறத்தாழ ஒரு மாதமே அனுமதி. 2010-இல் அது மே 15 முதல் ஜூன் 15 வரை. அப்படகுகள் ஒவ்வொன்றிலும் ஒரு பார்வையாளர் இருந்தார். செயற்கைக்கோள் வழியே படகின் போக்கு கவனிக்கப்பட்டது. கூண்டுக்குப் போகும் மீனைப் படம்பிடித்து எண்ணினார்கள். பிடித்த இடம் முதல் சந்தை வரை மீனோடு பிடிப்புச் சான்றிதழ் செல்ல வேண்டும். அளவை மீறிய நாட்டின் பங்கில், பின்வரும் ஆண்டுகளில் அந்த அளவு கழிக்கப்பட்டது.

இது எளிதாக நடந்துவிடவில்லை. பல படகுகள் உடைக்கப்பட்டன. பலர் வேறு தொழில் தேடினர். பங்கு பிரிப்பதிலும் பிணக்கு. முன்பு நிறையப் பிடித்தவருக்கே பெரும் பங்கு கிடைத்ததால், தூண்டில் போடும் சிறு மீனவர்கள் மனக்குறை கொண்டனர்.

பயன் என்ன?

மீன் பெருகப் பெருக வரம்பும் உயர்ந்தது. 2017-இல் 23,655 டன், 2020-இல் 36,000 டன், 2023 முதல் 2025 வரை ஆண்டுக்கு 40,570 டன். இவை கிழக்கு அட்லாண்டிக்குக்கும் மத்தியதரைக் கடலுக்கும் உரிய அளவுகள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2021-இல் இம்மீனை அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்து நீக்கியது. எனினும் மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிடும் மேற்குப் பகுதிக் கூட்டம் அவ்வளவாகத் தேறவில்லை.

நமது இந்தியப் பெருங்கடலிலும் இதே சிக்கல் உண்டு. இதற்கான சூரை மீன் ஆணையத்தில் இந்தியாவும் உறுப்பு நாடு. மஞ்சள்துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுவதாக 2015-இல் கண்டறியப்பட்டது. 2014-ஆம் ஆண்டுப் பிடிப்பிலிருந்து பெரிய சுருக்குமடிக் கப்பல்கள் 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று மறு ஆண்டு தீர்மானித்தார்கள். ஆனால் இக்கடலில் ஏறத்தாழப் பாதிச் சூரையைச் சிறு படகுகளே பிடிக்கின்றன. எண்ணற்ற கடற்கரைகளில் இறங்கும் அம்மீனைக் கணக்கெடுப்பதும், ஏழை மீனவருக்கு நியாயமான பங்கு தருவதும் இங்கு கடினமான பணி.

நமக்குரிய பாடம்

உழவர்களே இத்தகைய கணக்கெடுத்ததும் உண்டு. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் ஏழு வறட்சி மாவட்டங்களில், உழவர்கள் தாங்களே கிணற்று நீர்மட்டத்தை அளந்து, அதற்கேற்பப் பயிரைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊர்களிலும் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

1. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறை, கோடையில் ஒரு முறை கிணற்று நீர்மட்டத்தை அளந்து நோட்டில் குறித்து வாருங்கள்.

2. எல்லோருடைய அளவுகளையும் ஊர்க்கூட்டத்தில் வெளிப்படையாக வையுங்கள். ஒருவர் மறைத்தாலும் கணக்கு தவறும்.

3. நீர் இருப்பைப் பார்த்தபின் நெல், கரும்பு, வாழை எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்யுங்கள். நாற்று விட்டபின் பேசிப் பயனில்லை.

4. பங்கு பிரிக்கும்போது சிறு குறு விவசாயிக்கு முதலில் ஒதுக்குங்கள். தமக்குப் பங்கு இல்லாத ஏற்பாட்டை யாரும் காக்க மாட்டார்கள்.

அட்லாண்டிக் மீனவர்கள் விஞ்ஞானிகள் சொன்ன அன்றே 15,000 டன்னில் நின்றிருந்தால், பின்னர் 12,900-க்கு இறங்க வேண்டிய தேவை வந்திராது. கிணற்றில் நீர் இருக்கும்போதே நாம் அளவு வைத்துக்கொள்வோம்.