தன்னையே உண்ணும் உயிரணு



கேமரன் மலை என்றால் தேயிலை. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார். மலைச்சரிவில் காடு திருத்திக் கன்று நட்டவர்களில் தமிழர்கள் பலர். கொழுந்து பறிக்கக் கை வருமுன்பே அதில் வாய் வைப்பவை புழுக்கள். புழுவைக் கொல்ல மருந்து தேடுகிறோம். ஆனால், தன் உடலின் பெரும்பகுதியைத் தானே அழிக்கத் தெரிந்த உயிர் அந்தப் புழு!

எப்படி? இலை தின்ற குடல், கூட்டுப்புழுவுக்குள் உருவாகும் அந்துப்பூச்சிக்கு உதவாது. அதைத் தூக்கி எறியவும் வழியில்லை. எக்டைசோன் என்ற ஹார்மோன் கட்டளையிடுகிறது. உயிரணு தன் உட்பொருள்களைச் சிறு பைகளில் கட்டுகிறது. லைசோசோம் என்ற செரிமானப் பை அவற்றோடு சேர்ந்து எல்லாவற்றையும் கரைக்கிறது. கரைந்தது வீணாவதில்லை, புதிய உடலுக்கு அதுவே சத்து.

இதற்குத் தன்னுண்ணல் என்று பெயர். 1963-இல் பெயர் வைத்தவர் கிறிஸ்டியன் டி டூவ். இதன் மரபணுக்களை ஈஸ்டில் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஒசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றார்.

பசிக்கும் உயிரணுவைத் தன்னுண்ணல் காப்பாற்றும். அதுவே கொல்லவும் செய்யுமா? 2009-இல் வெளியான பழ ஈ ஆய்வு விடை தந்தது. தன்னுண்ணல் மரபணுக்களை முடக்கியபோது, புழுப்பருவக் குடல் அழியத் தாமதமானது. உயிரணுக்களின் வழக்கமான தற்கொலை நொதிகளை முடக்கியபோதோ, குடல் வழக்கம்போல் அழிந்தது.

நம் வேம்புக்கும் இதில் பங்குண்டு. வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின், புழுவின் பசியைக் கெடுக்கும், தோலுரிப்பைக் குலைக்கும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வெட்டுப்புழு உயிரணுக்களில் தன்னுண்ணலையும் தூண்டியது. நேரம் தவறி வந்தால், உடலைப் புதுப்பிக்கும் வேலையே உயிருக்கு உலை வைக்கும்.

ஆனால், கண்ணாடிக் குப்பி வேறு, மலைச்சரிவு வேறு. அசாடிராக்டின் வெயிலில் விரைவில் சிதையும். மழையிலும் கழுவிப் போகும். எனவே வேம்பு ஒன்றே போதும் என்பதும் சரியல்ல.

இருந்தும் இந்த அறிவு தேவை. கண்மூடித்தனமாக அடிக்கும் நஞ்சு புழுவோடு நிற்பதில்லை. புழுவைத் தின்னும் குளவியையும் சிலந்தியையும் கொல்கிறது. முதுகில் மருந்து பம்பைச் சுமப்பவரின் மூச்சிலும் தோலிலும் படிகிறது. பூச்சியின் உடல் எந்தக் கட்டளைக்குக் கட்டுப்படுகிறது என்று தெரிந்தால், அந்தக் கட்டளையை மட்டும் குலைக்கும் மருந்தைத் தேடலாம். புழு சாகட்டும், பம்பு சுமப்பவர் நலமாக வாழ வேண்டும்.