சில்லறை கேட்காத சந்தை

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றவர்களுக்கு இந்தத் தகவல் இனிக்கும். அசாமில் ஜாகிரோடு ஊருக்குப் பக்கத்தில், ஜனவரியில் மாக் பிஹு பண்டிகை முடிந்த கையோடு ஜோன்பீல் மேளா கூடுகிறது, மூன்று நாள். ஜோன் என்றால் நிலா, பீல் என்றால் ஏரி. பிறை வடிவ ஏரிக்கரையில் நடப்பதால் அந்தப் பெயர்.

மலையிலிருந்து கார்பி, காசி, திவா மக்கள் இஞ்சி, மஞ்சள், மிளகாய், பூசணி சுமந்து இறங்குவார்கள். சமவெளிக்காரர்கள் கருவாடும் அரிசிப் பலகாரமும் கொண்டுவருவார்கள். விடிகாலையிலேயே பண்டமாற்று தொடங்கிவிடும். அங்கே ரூபாய் நோட்டுக்கு வேலை இல்லை. "இன்னும் ரெண்டு இஞ்சி போடுங்க" என்கிற பேரம் மட்டும் உண்டு. பேரம் இல்லாமல் சந்தையா?

திவா மக்களின் கோபா ராஜா மேளாவுக்கு வந்து வரி வாங்கும் சடங்கும் இன்றுவரை நடக்கிறது.